ஈஎன் 4706

ஜெர்மனியில் கார் பதியப் போகிறவர்களிடம், விருப்பமான எழுத்தும் எண்ணும் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். கொஞ்சம் கூடக் கட்டணம் கட்டினால், வேறு யாருக்கும் போயிருக்காத பட்சத்தில், கேட்டதையே தருவார்கள். இந்தச் செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான். வேலைத்தலத்தில் ஒரு ஜெர்மன்காரர் மனைவியின் பெயரின் முதலெழுத்தையும் பிறந்த நாளையும் காரில் போட்டுக்கொண்டு திரிந்தார். அவரிடம் கேட்டு அறிந்ததை, பெரிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்தவன் போல அன்று மாலை குசினியில் வைத்துச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் பிறகு நடந்தது ஒன்றும் நடந்திருக்காது.

நாங்கள் கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு பழைய மாடிவீட்டில் இருந்தோம். இரண்டாம் மாடியில் ஒரு அறையில் நானும், என்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு அண்ணையும். மேலே கூரைக்குக் கீழே சரிந்த சுவர் கொண்ட சிறிய அறையில் அக்கா தனியாக இருந்தார். சமைக்கிற குசினி மூவருக்கும் பொது. ஒருவருக்கொருவர் சொந்தமில்லை, ஊரும் ஒன்றில்லை. ஆனால் அக்கா என்றால் அக்காதான். நானும் அவரும் நகரத்துக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்தோம். அவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. வருடக்கணக்காகச் சும்மா இருத்திவைத்த பிறகு, அந்த வருடம்தான் வேலை செய்ய விட்டிருந்தார்கள்.

வேலை விடிகாலையில் தொடங்கும். முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வரும். பனியில் ஒரு மணி நேரம் நடந்து போய் நடந்து வந்து அலுத்துப்போய், அக்கா கார் ஓடப் பழகினார். சோதனைக் கேள்விகளை நான் தமிழில் எழுதிக்கொடுத்தேன். இரண்டாம் தடவை தேறினார். சலவைக்கூடத்தில் ஓய்வு பெறப்போகிற ஒருவரிடம் இருந்து பழைய ஓப்பல் கார் ஒன்று வந்தது. பதிவதுதான் பாக்கி.

நான் செய்தியைச் சொன்னபோது அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு, "ரெண்டு எழுத்தும் நாலு நம்பரும் குடுப்பாங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. முன்னால ஊரின்ர எழுத்து, கேஏ. பிறகு ரெண்டு எழுத்து, நாலு நம்பர்."

"அப்ப ஈஎன் நாப்பத்தேழு சைபர் ஆறு கேப்பம்."

அண்ணை சோற்றை விட்டுத் தலை நிமிர்ந்தார்.

அந்த எண் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். அக்காவின் கணவர் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடியவர். பழைய ஆஸ்டின், வெளிர் பச்சை நிறம். ஒரு நாள் காலை இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. காரும் வரவில்லை. ஏறினவர்களும் வரவில்லை. அதன் பிறகு அக்கா எட்டு மாதம் இராணுவ முகாம் வாசல்களிலும் அரசாங்கக் கச்சேரியிலும் பொலிஸ் நிலையங்களிலும் நின்றார். போன இடமெல்லாம் முதலில் கேட்டது கார் நம்பரைத்தான். ஆளின் பெயரை ஒரு தரம் எழுதுவார்களாம், நம்பரைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பார்களாம். கடைசியில் அவருடைய பெயரைச் சொல்வதற்கு முன்னம் நம்பர் வாயில் வந்துவிடும் நிலைமை ஆகிவிட்டது என்று ஒருநாள் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் மேசையருகே நின்று சொன்னார். அழாமல் சொன்னார். நெற்றியில் பொட்டு எப்போதும் இருந்தது. அதைப்பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

அக்கா மேலே போனதும் அண்ணை விரலை மடக்கினார்.

"நாலும் ஏழும் பதினொண்டு. ஆறு பதினேழு. ஒண்டும் ஏழும் எட்டு." என்னைப் பார்த்தார். "கேட்டீரோ? எட்டு."

எட்டு சனியின் எண். வீட்டு நம்பர், கல்யாணத் திகதி, கார் நம்பர் எதுவானாலும் எங்கள் ஆட்கள் கூட்டிப் பார்ப்பார்கள், எட்டு வந்தால் முகம் மாறும். ஜெர்மனிக்கு வந்த பிறகு இது குறையவில்லை, கூடியது. அகதி விண்ணப்பக் கோப்புகளின் எண்களைக்கூட முகாமில் கூட்டிப் பார்த்தோம். எட்டு வந்த ஒருவருக்கு நிராகரிப்புக் கடிதம் வந்தபோது எல்லோரும் தலையை ஆட்டினோம். அண்ணையின் கோப்புக்கு ஆறு. அவருக்கும் நிராகரிப்புத்தான் வந்தது, வழக்கறிஞர் பிடித்து மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆறைப்பற்றி மட்டும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

"அந்த மனிசி கெட்ட காலத்தை வலிஞ்சு பிடிச்சுக் காரில ஆணி அடிக்கப் பாக்குது," என்றார் அண்ணை. "நான் நடந்து போறவன், எனக்கென்ன. நீரெல்லோ காலமை காலமை அதுக்குள்ள ஏறப்போறீர்."

நான் சிரித்தேன். "அண்ணை, நான் உயர்தரத்தில கணிதம் படிச்சனான்."

"அப்ப இன்னும் சுகம். கெதியாக் கூட்டலாம்."

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் உண்மையும் அதுதான். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். அப்பா புகையிலைத் தோட்டத்தில் கூலி, பெருவிரல்தான் அவருடைய கையெழுத்து. அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, இலக்கமும் தெரியாது. ஆனால் மனக்கணக்கில் அவவை வெல்ல ஆள் இல்லை. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டை என்னிடம் நீட்டுவா. நான் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்க, அவ வாய்க்குள் கூட்டுவா. எட்டு வந்தால் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு இறங்கும் வரை பேசமாட்டா. படித்த படிப்பு முதலில் வீட்டுக்குப் பயன்பட்டது அப்படித்தான். அதற்குப் பிறகு எத்தனை கணிதம் படித்தும், எண்ணைக் கண்டால் என் மனம் தானாகவே கூட்டிவிடும். குசினியில் அக்கா எண்ணைச் சொல்லி முடிக்கும் முன்பே நான் எட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணையை விட வேகமாக.

அடுத்த நாள் துணி மடிக்கும்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அக்கா, வேறை ஒரு நம்பர் எடுத்தால் என்ன? உங்கட பிறந்த நாள் மாதிரி ஏதும்."

"என்ர பிறந்த நாளை வச்சு ஆர் என்னைத் தேடப்போகினம்?" என்றார். பிறகு, "எட்டெண்டு அண்ணை சொன்னவரோ?" என்று கேட்டார்.

நான் அடுத்த விரிப்பின் ஒரு முனையை எடுத்தேன்.

"எனக்கும் கூட்டத் தெரியும் தம்பி," என்றார். விரிப்பின் மறுமுனையை இழுத்துப் பிடித்தார், நானும் இழுத்தேன், மடித்தோம். கதை அதோடு நின்றது.

நவம்பரில் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு வாகனப் பதிவுக் கந்தோருக்குப் போனோம். அக்காவுக்கு அப்போது சலவைக்கூடத்து ஜெர்மன் மட்டும்தான் தெரியும்: சூடு, ஈரம், கெதியா, நாளைக்கு. கந்தோர் பாஷைக்கு நான் வேண்டும். என்னிடம் கேட்டால் நான் சந்தோஷமாகப் போவேன். மாலை வகுப்பில் படித்த வசனங்களைப் பேச எனக்கு அப்படி இடங்கள்தான் கிடைத்தன.

மேசைக்குப் பின்னால் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த ஒரு அம்மாள். பத்திரங்களைப் பார்த்து முத்திரை குத்தினார். பிறகு, விருப்பம் ஏதும் உண்டா என்று கேட்டார். எங்கள் வாழ்க்கையில் கந்தோர் ஒன்று அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அக்கா முதல் நாளே எழுதி மடித்து வைத்திருந்த துண்டுக் கடதாசியை எடுத்து மேசையில் வைத்தார். ஈஎன் 4706. பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்துப் போல உருண்டையாக இருந்தது.

அந்த அம்மாள் அக்காவிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, மண்டபத்தின் மற்றப் பக்கம் இருந்த சாளரத்தில் பதிவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வரச் சொன்னார். அக்கா போனார். அம்மாள் பின்னால் போய் பெட்டிகளுக்குள் அட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை. எழுதட்டா?" என்று என்னிடம் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அக்கா வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றார். கைப்பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன நடக்கும் என்று நான் அப்போது நினைத்ததாகப் பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் கண்ணுக்குள் வந்தது, பனிக்காலத்து இருட்டுக் காலையில், முன் இருக்கையில், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிற நான்தான்.

"தேவையில்லை," என்றேன். "வேறு எண் ஒன்று, எதுவானாலும் சரி."

அம்மாள் தோளைக் குலுக்கினார். அடுத்ததாக இருந்த அட்டையை எடுத்து எழுதினார். எச்பி 1382. ஒன்றும் மூன்றும் நாலு, எட்டு பன்னிரண்டு, இரண்டு பதினாலு. ஐந்து. நல்ல எண் என்று என் மனம் சொன்னது. வெட்கமில்லாமல் ஆறுதல் பட்டேன்.

அக்கா ரசீதோடு வந்தார். பத்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அது ஏற்கனவே ஆருக்கோ குடுத்தாச்சாம் அக்கா," என்றேன்.

"ஆருக்கு?"

"அது சொல்லமாட்டினம்."

"இஞ்சையோ? இந்த ஊரிலையோ ஓடுது?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கேஏ என்று முன்னால் இருந்தால் இந்த ஊரில்தானே. "ஓம்," என்றேன்.

அக்கா துண்டுக் கடதாசியை எடுத்துப் பழைய மடிப்பின்படியே மடித்துப் பையில் வைத்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த சிறிய கடையில் எண் தகடு அடித்துக் கொடுத்தார்கள். இயந்திரத்தின் கைபிடியை ஒருவர் இழுக்க, தகட்டில் எழுத்துகள் பொம்மிக்கொண்டு வந்தன. இரண்டு தகடுகளையும் அக்கா மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் வந்தார். பாதி வழியில், "பரவாயில்லை. எங்கையோ ஓடுதெல்லோ," என்றார். எனக்கு அல்ல, யன்னலுக்குச் சொன்னார்.

அதன் பிறகு அவர் அந்தக் காரைத் தேடத் தொடங்கினார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும்போது, முன்னால் போகிற காரை நெருங்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவார். சிவப்பு விளக்கில் பக்கத்துக் கார்களின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் தேடுவார். சனிக்கிழமைகளில் சாமான் வாங்கப் போனால், கடைக்குள் போகும் முன் கார்கள் நிற்கும் தரிப்பிடத்தில் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்துவிட்டுத்தான் வருவார். நான் தள்ளுவண்டிலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பேன். மழையிலும் நடப்பார். ஒரு தடவை ஒரு கடைக்காரர் வந்து, காரைத் தொலைத்துவிட்டாரா என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். அது ஒன்றுதான் நான் அந்த விஷயத்தில் சொன்ன உண்மை.

"அக்கா பொலிசில சேந்திட்டா," என்று அண்ணை குசினியில் பகிடி விட்டார். அக்காவும் சிரித்தார். "கண்டால் அண்ணைக்குத்தான் முதல் சொல்லுவன்," என்றார்.

எத்தனையோ தரம் சொல்லிவிட நினைத்தேன். சொல்லவேண்டிய வசனமும் சிறியதுதான். ஆனால் பொய் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். படித்தவன் எட்டுக்குப் பயந்தான் என்று சொல்ல வேண்டும். நாள் போகப் போக, அவர் நடந்த வரிசைகளும் அந்தப் பதிலோடு சேர்ந்து பாரம் கூடிக்கொண்டே போயின. இப்படியே ஒரு வருடம் நெருங்கியது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. நகரத்தின் ஓரத்தில் பூங்கன்றும் உரமும் விற்கிற பெரிய கடை. அக்கா யன்னலில் வைக்க ஒரு செடி வாங்க வந்தவர், வழக்கம்போல வரிசைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தால், சந்தன நிறத்துக் கார் ஒன்றின் பின்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

கேஏ ஈஎன் 4706.

அன்று பெட்டிக்குள் சும்மா கிடந்த எண். யாருக்கோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் சொன்ன பொய், எனக்குத் தெரியாமல் எப்போதோ உண்மையாகிவிட்டிருந்தது.

அக்கா குனிந்து தகட்டின் ஓரத்தில் இருந்த சேற்றை விரலால் துடைத்தார். அந்த நேரம் பார்த்து, தள்ளுவண்டில் நிறையச் செடிகளோடு ஒரு கிழவர் வந்தார். எங்களைக் கண்டதும் வண்டிலை விட்டுவிட்டு வேகமாக வந்தார்.

"என்ன? இடித்துவிட்டீர்களா?" என்று கேட்டு, காரைச் சுற்றி நடந்து ஒவ்வொரு பக்கமும் தடவிப் பார்த்தார்.

இல்லை, இல்லை என்றேன். மேலே என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்கா என்னைப் பார்க்காமல் தானே கேட்டார். ஒரு வருடத்தில் அவருடைய ஜெர்மன் வளர்ந்திருந்தது. பிழைகளோடு, ஆனால் நேராக. "இந்த நம்பர், எவ்வளவு காலம் உங்களிடம்?"

கிழவருக்கு விசித்திரமாக இருந்திருக்கும். ஆனாலும் சொன்னார். "மே மாதத்திலிருந்து. ஏன்?"

மே. நான் நிலத்தைப் பார்த்தேன்.

"விபத்து ஏதும்?"

"கடவுள் காப்பாற்ற. ஒன்றுமில்லை. மனைவியோடு இத்தாலிக்கே போய் வந்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை." பெருமையோடு காரின் கூரையில் தட்டினார். "நீங்கள் வாங்க நினைக்கிறீர்களா? விற்கிறதற்கில்லை."

"இல்லை. பார்க்கத்தான்," என்றார் அக்கா. "நல்லாய் ஓடுங்கோ." கடைசி வசனம் தமிழில் வந்தது. கிழவர் விளங்கியவர் போலத் தலையாட்டிவிட்டுச் செடிகளை ஏற்றினார். கார் தரிப்பிடத்தை விட்டுப் போய், திருப்பத்தில் மறையும் வரை அக்கா நின்றார்.

செடி வாங்கவில்லை. காருக்குள் ஏறினோம். சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"மே மாசம் எண்டவர்."

"ஓம் அக்கா."

"நாங்கள் போனது நவம்பர்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாள் கேட்டதை, நான் சொன்னதை. உங்களுக்காகத்தான் என்று தொடங்கிவிட்டு, அதை முடிக்க முடியாமல், இல்லை, எனக்குப் பயமாக இருந்தது என்றேன்.

அக்கா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊரில அவர் கார் வாங்கப் போகேக்க ரெண்டு கார் விலைக்கு நிண்டது தம்பி. மற்றது கறுப்பு. அவருக்குக் கறுப்பிலதான் விருப்பம். நான்தான் பச்சையைக் காட்டினன். நிறம் வடிவா இருந்தது, அவ்வளவுதான். நம்பரைப் பாக்கேல்லை. அவர் போன பிறகு மாமி கூட்டிப் பாத்திட்டு, முற்றத்தில நிண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னவ, நீ காட்டின கார்தான் என்ர பிள்ளையைத் திண்டது எண்டு."

அவருடைய குரல் துணி மடிக்கும்போது இருப்பது போலவே இருந்தது.

"அதுதான் கேட்டனான். நானே அந்த நம்பரைப் போட்டு, நானே ஓடிப் பாக்க வேணும் எண்டு. எனக்கும் ஏதும் நடந்தால், மாமி சொன்னது சரி. நடக்காட்டி…" நிறுத்தினார். "உம்மை ஏத்தாமல் விட்டிருப்பன். பஸ்சில வாரும் எண்டு சொல்லியிருப்பன். கேட்டிருக்கலாம் நீர்."

நான் கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

"இப்ப அந்தக் கிழவன் ஓடிப் பாத்திட்டார். இத்தாலிக்கும் போயிட்டு வந்திட்டார்." சிரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. "நம்பரில பிழையில்லை. நான் காட்டினதிலும் பிழையில்லை."

அப்போதுதான் அழுதார். இத்தனை காலத்தில் நான் பார்த்த ஒரே தடவை. பிழை தன்னுடையது இல்லை என்றால் ஆறுதல்தானே வரவேண்டும் என்று நான் முட்டாள்தனமாக நினைத்தேன். இவ்வளவு நாளும் அவர் கையில் பிடித்துக்கொண்டிருக்க அந்தக் காரணம் ஒன்றாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. யாரோ சிலர் தெருவில் காரை மறித்து, ஆளை இறக்கிக் கொண்டுபோயிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய எண்ணை யாரும் எழுதி வைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு அக்கா வாசலில் ஹோர்ன் அடித்தார். ஏறினேன். அன்றும், பிறகு வந்த எல்லா நாட்களும் என்னை ஏற்றிக்கொண்டுதான் போனார். தேத்தண்ணீர் ஊற்றினால் எனக்கும் ஒரு கப் இருக்கும். முன்னால் போகிற கார்களை நெருங்கிப் பார்ப்பது நின்றுவிட்டது. ஆனால் கந்தோருக்குப் போகும்போது என்னைக் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. கடிதம் வந்தால் அகராதியை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். சந்திப்புக்குத் திகதி வந்தால் தனியாகப் போய் வருவார். நான் வரட்டா என்று ஒரு தடவை கேட்டேன். "உமக்கேன் கரைச்சல் தம்பி," என்றார், அன்பாகத்தான்.

வருடம் பிறந்த பிறகு ஒரு நாள், காணாமல் போனவர்களைத் தேடித்தரும் ஒரு இடத்திலிருந்து வந்த படிவத்தைக் குசினி மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். நான் எதிரே இருந்து சாப்பிட்டேன். தலைகீழாகத் தெரிந்தாலும் வாசிக்க முடிந்தது. பெயர், வயது, உயரம், கடைசியாகக் கண்ட இடம். வாகனம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றது. பிறகு அந்த உருண்டைக் கையெழுத்தில் ஈஎன் 4706 என்று எழுதினார். அதற்கு மேலே இருந்த வரியில் ஒரு ஜெர்மன் சொல் பிழையாக இருந்தது. சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் படிவத்தை மடித்து உறைக்குள் வைத்து, நாக்கால் நனைத்து ஒட்டினார்.